லைப்சிக் பல்கலைக்கழகத் திருச்சபை

கல்விச்சாலையும் வழிபாட்டிடமும் அருகருகே அமைவது உலகின் பல நாடுகளிலும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கோயிலைச் சார்ந்து பள்ளி எழுந்த வரலாறு நமக்கும் புதியதன்று. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் திருச்சபையின் நிழலிலேயே வளர்ந்தன. ஆயின், லுத்தரன் திருச்சபையின் வரலாறு இவ்வொழுங்கிற்குச் சற்று மாறானது. அங்கே திருச்சபை பல்கலைக்கழகத்தைப் பெற்றது என்பதினும், பல்கலைக்கழகமே திருச்சபையைப் பெற்றது என்று கூறுதல் பொருத்தமாகும்.

ஜேர்மனியின் விற்றன்பேர்க் நகரில் 1502ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில், 1512 முதல் வேதாகமம் கற்பித்துவந்தவர் மார்ட்டின் லுத்தர். 1517 ஒக்டோபர் 31ஆம் நாள் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகள் பொதுமக்களை நோக்கி விடுத்த அறைகூவல் அல்ல. கற்றோர் கூடி வாதிடுவதற்கென்று இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை அவை. பேராசிரியர் ஒருவர் தம் தொழிலுக்குரிய முறையிலே தொடக்கிய வாதமே ஐரோப்பாவின் சமய வாழ்வை இரண்டாகப் பிளந்தது. இவ்வாறு விரிவுரை மண்டபத்திற் பிறந்த ஒரு சமய நெறி, பல்கலைக்கழகத்தோடு எத்தகைய உறவு பூண்டு வாழ்ந்தது என்பதை ஆராய்வதற்கு, சாக்சனி நாட்டு லைப்சிக் நகரத்துப் பல்கலைக்கழகத் திருச்சபையைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு வாழ்வுடைய அச்சபை தன் ஆலயத்தைப் பெற்றது, இழந்தது, அரை நூற்றாண்டு அயலார் வீட்டில் விருந்தாக இருந்தது, பின்னர் தன் நிலத்திற்கு மீண்டது.

லைப்சிக் பல்கலைக்கழகத்தின் தோற்றமே ஒரு வெளியேற்றத்தின் விளைவு. 1409ஆம் ஆண்டு சனவரியில் பொகீமிய மன்னன் வென்சசுலாசு ஓர் ஆணை பிறப்பித்தான். பிராக் பல்கலைக்கழகத்தின் ஆட்சியில் பொகீமியருக்கு மூன்று வாக்குகளும், ஏனை மூன்று இனக் குழுவினருக்கும் சேர்த்து ஒரே வாக்கும் என்பது அவ்வாணையின் சாரம். அதனை ஏற்க மறுத்த ஜேர்மன் ஆசிரியரும் மாணவரும் பெருந்தொகையினராய்ப் பிராக்கை விட்டு அகன்றனர். அவருள் ஒரு பகுதியினருக்கு லைப்சிக் புகலிடம் அளித்தது. 1409 டிசம்பர் 2ஆம் நாள், அந்நகரத்துப் புனித தோமையார் மடத்தின் உணவு மண்டபத்தில் புதிய பல்கலைக்கழகம் தொடக்கிவைக்கப்பட்டது.

அக்காலத்தில், நகரின் கிழக்கு மதிலையொட்டி டொமினிக்கன் துறவிகளின் மடமொன்று இருந்தது. 1240இல் அபிடேகஞ் செய்யப்பட்ட அம்மடத்து ஆலயம் அப்போஸ்தலராகிய பவுலின் பெயரைத் தாங்கியது. எனவே அத்துறவிகளைப் பவுலினர் என்றும், ஆலயத்தைப் பவுலினர் ஆலயம் என்றும் நகரமாந்தர் அழைத்தனர். இம்மடத்திலே துறவு பூண்டவர்தாம் யோகான் தெற்செல் என்பவர். பாவத் தண்டனையிலிருந்து விடுதலை அளிப்பதாகக் கூறப்பட்ட மன்னிப்புச் சீட்டுகளை ஊர் ஊராகச் சென்று விற்று, லுத்தரின் எதிர்ப்பைத் தூண்டியவர் இவரே. 1519 ஆகத்தில் லைப்சிக் மடத்திலேயே இறந்த தெற்செலின் உடல் பவுலினர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் மரணப் படுக்கையிற் கிடந்த அதே கோடையில், லைப்சிக் நகரத்துப் பிளைசன்பேர்க் கோட்டையில் லுத்தரும் அவருடைய தோழர் கார்ல்சுதாத்தும் ஒருபுறமாகவும், யோகான் எக் என்னும் பேராசிரியர் மறுபுறமாகவும் வாதிட்டனர். வாதத்தின் முடிவில் லைப்சிக் பல்கலைக்கழகத்தார் பெரும்பாலும் லுத்தருக்கு எதிரணியிலேயே நின்றனர். நாட்டை ஆண்ட கோமகன் ஜோர்ஜும் பழைய நெறியில் உறுதியாய் இருந்தான். அருகிலுள்ள விற்றன்பேர்க்கில் புதிய நெறி தழைத்தோங்கிய இருபது ஆண்டுகளிலும் லைப்சிக் தன் கதவைத் திறக்கவில்லை.

1539இல் ஜோர்ஜ் இறந்தான். அவனுக்குப்பின் பட்டத்துக்கு வந்த தம்பி ஹென்றி சீர்திருத்தத்தை ஆதரித்தவன். அவ்வாண்டுப் பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி லுத்தர் லைப்சிக்கிற்கு வந்து பிரசங்கித்தார். நாடு லுத்தரன் நெறியைத் தழுவியது. மடங்கள் கலைக்கப்பட்டன. கைவிடப்பட்ட மடத்துச் சொத்துக்களை யார் பெறுவது என்ற கேள்வி எழுந்தபோது, பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த காஸ்பர் போர்னர் விழிப்போடு செயற்பட்டார். அவரது விடாமுயற்சியின் பயனாகக் கோமகன் மோரிட்சு 1543இல் பவுலினர் மடத்தைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தான். கலைக்கப்பட்ட மடங்களின் ஏட்டுச் சுவடிகளை யெல்லாம் போர்னர் அங்கே திரட்டிவைத்தார். அதுவே லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தின் தொடக்கம். இவ்வாறு நூலகமும் ஆலயமும் ஒரே கொடையின் இரு பகுதிகளாக வந்துசேர்ந்தன.

1545 ஆகத்து 12ஆம் நாள் லுத்தர் மீண்டும் லைப்சிக்கிற்கு வந்து, அவ்வாலயத்தைச் சீர்திருத்த நெறிக்குரிய பல்கலைக்கழக ஆலயமாகப் பிரதிட்டை செய்து பிரசங்கித்தார். அதன்பின் ஆறு திங்களில் அவர் மறைந்தார். தெற்செல் அடக்கஞ் செய்யப்பட்ட அதே கூரையின் கீழ், இருபத்தாறு ஆண்டு கழித்து லுத்தர் நின்று போதித்தார் என்பதை எண்ணும்போது, வரலாற்றின் போக்கை யார்தாம் முன்கூட்டி அறியக்கூடும் என்ற எண்ணமே மேலிடுகின்றது.

இங்கே இச்சபையின் இயல்பு யாதென்று சிறிது விளக்குதல் வேண்டும். லுத்தரன் நாடுகளிற் சபையென்பது பொதுவாக இன்ன தெரு முதல் இன்ன தெரு வரை என்று எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் வாழ்வோர் அச்சபையின் மக்கள். பல்கலைக்கழகச் சபைக்கோ அத்தகைய எல்லை கிடையாது. கற்பிப்போர், கற்போர், அவர்தம் குடும்பத்தார், பிரசங்கத்தின் தரம் நோக்கி நகரிலிருந்து வருவோர் ஆகியோரே அதன் மக்கள். மாணவர் சில ஆண்டுகளிற் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவர். எனவே சபையின் பெரும்பகுதி எப்பொழுதும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாது நிற்பன ஆலயக் கட்டடமும், பிரசங்க பீடமும், இறையியற் பீடப் பேராசிரியர் அப்பீடத்தில் ஏறிப் பேசும் மரபுமே. பிற சபைகளுக்கு ஆலயம் கூடுமிடம் மட்டுமே. வந்துபோகும் மக்களையுடைய இச்சபைக்கோ ஆலயமே நினைவு. பின்னர் நிகழ்ந்தவற்றின் கொடுமையை உணர்வதற்கு இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

தொடக்கத்தில் அங்கே ஞாயிறுதோறும் ஆராதனை நிகழவில்லை. நத்தார், உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே, சீர்திருத்த நினைவுநாள் ஆகிய பெருந்திருநாட்களிலேயே பிரசங்கம் நடைபெற்றது. எஞ்சிய நாட்களில் பட்டமளிப்பும், வாதங்களும், இரங்கலுரைகளும் அங்கே நிகழ்ந்தன. இறந்த பேராசிரியரை அவ்வாலயத்திலேயே அடக்கஞ் செய்து, அவர்தம் புகழைப் பொறித்த நினைவுப் பலகைகளைச் சுவர்களில் நாட்டுவது வழக்கமாயிற்று. ஓவியமும் சிற்பமும் இலத்தீன் வாசகமும் பொலிந்த அப்பலகைகள் காலப்போக்கிற் பல்கி, பல்கலைக்கழகத்தின் வரலாற்றையே சுவரில் எழுதிவைத்தாற்போல் விளங்கின. 1710இல்தான் ஞாயிறு ஆராதனை ஒழுங்காகத் தொடங்கிற்று. திருநாள் ஆராதனை 'பழைய ஆராதனை' என்றும், ஞாயிறு ஆராதனை 'புதிய ஆராதனை' என்றும் வேறுபடுத்திக் கூறப்பட்டன.

இவ்வேறுபாடு பற்றிய பூசலொன்றில் உலகப் புகழ்பெற்ற இசையறிஞர் ஒருவர் சிக்கினார். யோகான் செபஸ்தியன் பாக் 1723இல் லைப்சிக்கிற்கு வந்து, புனித தோமையார் பள்ளியின் இசையாசிரியராகவும் நகர ஆலயங்களின் இசைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். அவருக்கு முன்னிருந்தவர் பல்கலைக்கழக ஆலயத்தின் இசையையும் நடத்திவந்தார். பல்கலைக்கழகத்தாரோ, பாக் வருவதற்கு முன்னரே கேர்னர் என்பவரைப் புதிய ஆராதனைக்கு அமர்த்திவிட்டனர். தம் உரிமையும் ஊதியமும் குறைக்கப்பட்டன என்று கருதிய பாக், 1725இல் நாட்டுத் தலைவனாகிய அகஸ்தசு மன்னனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விண்ணப்பங்கள் எழுதினார். பழைய ஆராதனை பாக்கிற்கும் புதிய ஆராதனை கேர்னருக்கும் உரியன என்று 1726இல் முடிவாயிற்று. பெருங்கலைஞரும் ஊதியத்திற்காக விண்ணப்பம் எழுதவேண்டியிருந்த காலம் அது.

அவ்வாலயத்தில் பாக் நடத்திய இசைகளுள் 1727 ஒக்டோபர் 17ஆம் நாள் நிகழ்ந்த இரங்கலிசை தனிச்சிறப்புடையது. அகஸ்தசு மன்னன் போலந்து முடியைப் பெறும்பொருட்டு 1697இல் கத்தோலிக்க சமயம் புகுந்தான். அவன் மனைவி கிறித்தியானே எபர்காடினே அவ்வாறு மாற மறுத்து, இறுதிவரை லுத்தரன் நெறியிலேயே நின்றாள். அவள் இறந்தபோது சாக்சனி மக்கள் உளமார வருந்தினர். பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரே முன்னின்று அவ்விரங்கல் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்து உரையும் ஆற்றினார். செய்யுளைக் கொத்செட் என்னும் இலக்கிய அறிஞர் இயற்ற, இசையைப் பாக் அமைத்தார். மன்னனுக்குக் கேளாவாறு மக்கள் தம் நெஞ்சின் உறுதியை இசையாக வெளிப்படுத்திய நாள் அது என்றால் மிகையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாலயத்தோடு தொடர்புற்ற மற்றொரு பெயர் பீலிக்ஸ் மெண்டல்சன். யூதக் குடும்பத்திற் பிறந்து இளமையில் ஞானஸ்நானம் பெற்ற இவர், லைப்சிக்கின் இசை வாழ்வுக்குத் தலைமை தாங்கினார். அப்போஸ்தலர் பவுலின் வரலாற்றைக் கூறும் தம் இசைக் காவியத்தை 1837இல் அதே பவுலின் பெயர் தாங்கிய ஆலயத்தில் நடத்தினார். 1847 நவம்பரில் அவர் இறந்தபோது இறுதி ஆராதனையும் அங்கேயே நடைபெற்றது. 1936இல் நாசிகள் யூதப் பிறப்பைக் காரணங்காட்டி நகரிலிருந்த அவருடைய சிலையை அகற்றினர். ஓர் அரசு தனக்கு ஒவ்வாத நினைவைக் கல்லோடு அழிக்க முனையும் செயலை லைப்சிக் அன்றே ஒருமுறை கண்டது.

தமிழ்பேசும் நாம் லைப்சிக்கின் பெயரை நன்றியோடு நினைப்பதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு காலந்தொட்டுத் தமிழகத்தில் லுத்தரன் ஊழியம் நிலவியது. அவ்வூழியம் நலிவுற்ற காலத்தில் அதனைத் தாங்க முன்வந்தது 1836இல் திறெஸ்தன் நகரில் தொடங்கிய ஊழியச் சங்கம். அதன் தலைவராய் 1844இல் பொறுப்பேற்ற கார்ல் கிரௌல், தமிழ்நாட்டுக்குச் செல்வோர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவராய் இருத்தல் வேண்டுமென்று உறுதியாகக் கருதினார். அதன்பொருட்டே 1848இல் சங்கத்தை லைப்சிக்கிற்கு மாற்றினார். அறியாத மக்களிடம் செல்பவர் அம்மக்களின் மொழியையும் நூல்களையும் கற்றே செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. தாமும் 1849 முதல் 1853 வரை கீழைநாடுகளிற் பயணஞ் செய்து தமிழைக் கற்றார். திருக்குறளை ஜேர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு அவர் மறைந்தபின் 1865இல் வெளிவந்தது.

அவர் தொடக்கிய மரபு அவரோடு முடியவில்லை. லைப்சிக் சங்கத்தின் ஊழியராய்த் தமிழகத்தில் பத்தாண்டு வாழ்ந்த ஷோமெருஸ், சைவ சித்தாந்தத்தை விரிவாக ஆராய்ந்து 1912இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1923இல் திருவாசகத்தையும் ஜேர்மன் மொழியில் தந்தார். மதம் பரப்பச் சென்றவர், பிறர் மதத்தின் ஆழத்தை அறிந்து தம் நாட்டாருக்கு எடுத்துரைத்தார் என்றால், அதற்கு அடிப்படை கிரௌல் வற்புறுத்திய பல்கலைக்கழகப் பயிற்சியே. 1919இல் தமிழ்நாட்டில் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுடைய சபையாக உருப்பெற்றதும் இவ்வூழியத்தின் கனியாகும். ஆதலின் லைப்சிக்கில் நிகழ்ந்தவை நமக்கு முற்றும் அயலார் செய்தியல்ல.

இனி, துன்பம் நிறைந்த பகுதிக்கு வருவோம். 1943 டிசம்பர் 4ஆம் நாள் வைகறையில் நிகழ்ந்த வான் தாக்குதல் லைப்சிக்கின் பெரும்பகுதியை நெருப்புக்கு இரையாக்கியது. பல்கலைக்கழகக் கட்டடங்கள் பல இடிந்தன. பவுலினர் ஆலயமோ பெருஞ்சேதமின்றித் தப்பியது. அதே போரில் தம் ஆலயத்தை இழந்த கத்தோலிக்கருக்கும் போரின்பின் இவ்வாலயத்தில் இடமளிக்கப்பட்டது. லுத்தரே நின்று பிரதிட்டை செய்த ஆலயத்தில் கத்தோலிக்கரின் பூசையும் லுத்தரன் ஆராதனையும் முறைவைத்து நடைபெற்றன. நானூறு ஆண்டுப் பிளவை நூல்களால் ஆற்ற முடியாதிருக்க, பொதுத் துன்பம் ஒரு கூரையின் கீழ்க் கூட்டிவைத்தது.

போரின்பின் லைப்சிக் சோவியத் ஆதிக்கத்திலும், 1949 முதல் ஜேர்மன் சனநாயகக் குடியரசிலும் அடங்கியது. 1953இல் பல்கலைக்கழகத்திற்குக் கார்ல் மார்க்சின் பெயர் சூட்டப்பட்டது. திருச்சபையின் இளைஞர் அமைப்புகள் அரசின் ஐயத்துக்கு உள்ளாயின. லைப்சிக் மாணவர்களின் குருவாயிருந்த சீக்பிரீத் சிமுட்சுலர் 1957 ஏப்பிரலிற் கைதுசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மாணவரோடு கூடி வேதாகமத்தையும் காலத்தின் கேள்விகளையும் தடையின்றி ஆராய்ந்த ஒரு குருவை, அரசு தன் பகைவரென்றே கணித்தது.

ஆலயம் நின்ற சதுக்கத்துக்கும் அப்பொழுது கார்ல் மார்க்சின் பெயரே வழங்கிற்று. நாட்டின் தலைவரும் லைப்சிக்கிற் பிறந்தவருமான வால்ற்றர் உல்பிரிக்த், சமவுடைமை நகரொன்றின் நடுவில் பல்கலைக்கழகப் புதுக் கட்டடம் எழவேண்டுமென்று விரும்பினார். அச்சதுக்கத்தின் முகப்பில் கோதிக் கூரையுடைய ஆலயமொன்று நிற்பது அவ்வரசுக்கு ஒவ்வவில்லை. ஆலயம் பழுதுற்றிருந்தது என்று எவரும் கூறவில்லை. போரைத் தாண்டி வந்த கட்டடம் அமைதிக் காலத்தில் அழியவேண்டும் என்பதே முடிவாயிற்று. இறையியற் பீடம் எதிர்ப்புத் தெரிவித்தும், பல்கலைக்கழக மூதவை அரசின் திட்டத்திற்கு உடன்பட்டது. 1968 மே 23ஆம் நாள் மாநகர சபை கூடி, ஒரேயொரு வாக்கு எதிராக விழ, திட்டத்தை ஏற்றது. அன்று கிறித்து விண்ணேறிய திருநாள். அன்றுதான் இரு சபையாரும் அவ்வாலயத்தில் இறுதி வழிபாடு நிகழ்த்தினர்.

அடுத்த ஒரு வாரத்தில் அங்கிருந்த கலைச்செல்வங்களை அகற்றும் வேலை நடந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் மரச்சிற்பப் பீடமும், 1738ஆம் ஆண்டுப் பிரசங்க பீடமும், நினைவுப் பலகைகள் பலவும் அவசர அவசரமாகக் கழற்றி எடுக்கப்பட்டன. எடுக்க முடியாதன அங்கேயே கிடந்தன. கல்லறைகள் கிளறப்பட்டன. சதுக்கத்தைப் பொலிசார் சூழ்ந்து நின்றனர். தயங்கி நின்ற மக்களுட் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். மே 30ஆம் நாள் காலை பத்து மணிக்கு வெடி வைக்கப்பட்டது. எழுநூறு ஆண்டு நின்ற கட்டடம் சில நொடிகளிற் புழுதியாயிற்று. இடிபாடுகளை நகரின் ஓரத்திலிருந்த மணற் குழியொன்றிற் கொட்டினர். படம் பிடித்தல் ஆபத்தான செயலாயிருந்தும், சிலர் சன்னல்களின் மறைவிலிருந்து அவ்வீழ்ச்சியைப் படமாக்கிவைத்தனர். இன்று நாம் காணும் படங்கள் அவர்தம் துணிவின் பயன்.

அடுத்த மாதம், சூன் 20ஆம் நாள், லைப்சிக் மாநாட்டு மண்டபத்தில் சருவதேச பாக் இசைப் போட்டியின் நிறைவு விழா நடைபெற்றது. அயல்நாட்டு விருந்தினரும் அரசின் பெரியோரும் அமர்ந்திருந்தனர். திடீரென மேடையின் மேலிருந்து ஒரு பெருந்துணி தானாக அவிழ்ந்து தொங்கிற்று. அதில் ஆலயத்தின் உருவமும், 1968 என்னும் ஆண்டும், மீண்டும் கட்டவேண்டும் என்னும் கோரிக்கையும் தீட்டப்பட்டிருந்தன. மணிக்கூடொன்றின் விசையால் அத்துணி அவிழுமாறு அமைத்திருந்தனர். அதனைச் செய்தோர் இளம் பௌதிகவியலாளர் சிலர். அவருள் இருவர், ஹரால்ட் பிரித்சும் ஸ்தெபான் வெல்ஸ்கும், அவ்வாண்டே பல்கேரியக் கரையிலிருந்து மடக்குப் படகொன்றிற் கருங்கடலைக் கடந்து துருக்கிக்குத் தப்பினர். பிரித்சு பிற்காலத்தில் அணுத்துகளியலில் உலகறிந்த அறிஞரானார். தீத்திரிக் கோக் என்பார் பின்னர் சிறைப்பட்டார். பல்கலைக்கழக மூதவை கைவிட்ட ஆலயத்திற்காக அதன் இளைய அறிவியலாளர் தம் எதிர்காலத்தையே பணயம் வைத்தனர்.

ஆலயத்தை இழந்த பல்கலைக்கழகச் சபை நகரத்துப் புனித நிக்கொலாசு ஆலயத்தில் இடம் பெற்றது. ஆலயமே தன் நினைவாயிருந்த ஒரு சபை, அவ்வாலயம் மறைந்தபின் கலைந்துபோயிருத்தல் இயல்பு. அது கலையவில்லை. பேராசிரியர் பிரசங்கிக்கும் மரபும் இசைக்குழுவும் தொடர்ந்தன. 'பல்கலைக்கழக ஆராதனை' என்னும் பெயரையும் அவர்கள் விடவில்லை. இதற்கிடையில் ஆலயம் நின்ற இடத்திற் பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம் எழுந்தது. 1974இல் அதன் முகப்பில் கார்ல் மார்க்சின் தலையைக் காட்டும் 33 தொன் நிறையுள்ள வெண்கலச் சிற்பம் பொருத்தப்பட்டது.

புகலிடம் அளித்த நிக்கொலாசு ஆலயத்திலோ 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானத்திற்கான மன்றாட்டு நடைபெற்றுவந்தது. தொடக்கத்தில் சிலரே கூடிய அம்மன்றாட்டு, 1989இல் நாட்டின் அதிருப்திக்கெல்லாம் கூடுமிடமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆம் நாள் மன்றாட்டு முடிந்து வெளிவந்தோரோடு நகரமக்களும் சேர, ஏறக்குறைய 70,000 பேர் மெழுகுதிரி ஏந்திக் கார்ல் மார்க்ஸ் சதுக்கத்தில் திரண்டு நகரைச் சுற்றி நடந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு திங்களில் பேர்லின் மதில் திறந்தது. இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் வெடியோசை எழுந்த சதுக்கத்திலேயே மக்களின் காலடியோசை ஓர் அரசைத் தளரச் செய்தது.

அரசு மாறியதும் ஆலயம் தானாக எழுந்துவிடவில்லை. 1991இல் பல்கலைக்கழகம் மார்க்சின் பெயரைக் களைந்தது. 1992இல் பவுலினர் சங்கம் தோன்றி, ஆலயத்தை முன்னிருந்தவாறே எழுப்பவேண்டுமென்று வாதிட்டது. பல்கலைக்கழகத்தாருட் பலர் அதனை ஏற்கவில்லை. தமது நிறுவனம் இன்று எச்சமயத்தாருக்கும் சமயஞ் சாராதோருக்கும் பொதுவானது. நாட்டின் அப்பகுதியில் திருச்சபையைச் சாராதோரே பெரும்பான்மையினர். தேவைப்படுவது மண்டபமேயன்றி ஆலயமன்று என்பது அவர் கூற்று. 2003இல் சாக்சனி அரசு மீள்நிர்மாணக் கோரிக்கைக்கு ஆதரவு காட்டியபோது பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி துறந்தார். முதலில் அரசின் கட்டளைக்கு இணங்கி ஆலயத்தைக் கைவிட்ட பல்கலைக்கழகம், இம்முறை அரசின் தலையீட்டை எதிர்த்து நின்றது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை நடுநிலையாளர் மறுக்க மாட்டார்.

2004இல் ஒல்லாந்துக் கட்டடக் கலைஞர் எரிக் பான் எகராத்தின் திட்டம் தெரிவாயிற்று. பழைய ஆலயத்தை அது நகல் செய்யவில்லை. வெளி முகப்பிற் பழைய கூரையின் உருவமும் சன்னலும் தம் இடத்தினின்று சற்று விலகிச் சாய்ந்தாற்போற் காட்சி தருகின்றன. உள்ளே வெண்மையான வளைவுகள் பழைய கோதிக் கூரையை நினைவூட்டுகின்றன. ஒளிவிடும் கண்ணாடித் தூண்களுட் சில தரையைத் தொடாமல் நடுவானில் முடிகின்றன. தாங்க வேண்டிய தூண் தொங்கி நிற்பதைக் காண்போர், அங்கே ஏதோ அறுபட்டது என்பதை விளக்கமின்றியே உணர்வர். மண்டபத்துக்கும் பீடமுள்ள பகுதிக்கும் நடுவே திறக்கவும் மூடவுமான ஒளிபுகும் சுவரொன்று அமைந்தது. அச்சுவர் வேண்டுமா என்பது பற்றியும், பழைய பிரசங்க பீடத்தை மீள வைப்பது பற்றியும் ஆண்டுக்கணக்கில் வாதம் நிகழ்ந்தது.

2009இல் பல்கலைக்கழகத்தின் அறுநூறாம் ஆண்டு நிறைவுக்குள் முடிப்பதாகக் கருதிய வேலை 2017இலேயே முற்றுப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, பல்கலைக்கழகச் சபை தன் பழைய நிலத்தில் மீண்டும் ஆராதனை செய்தது. 1968இல் காப்பாற்றப்பட்ட சிற்பப் பீடமும் நினைவுப் பலகைகளும் பழுதுபார்க்கப்பட்டு அங்கே நிற்கின்றன. கட்டடத்தின் பெயரிலும் இரு தரப்பாரும் இடம்பெற்றனர். 'பவுலினும்: மண்டபமும் புனித பவுல் பல்கலைக்கழக ஆலயமும்' என்பது அதன் முழுப் பெயர். அங்கே பட்டமளிப்பும் ஆய்வரங்கும் நிகழ்கின்றன, ஆராதனையும் நிகழ்கின்றது. எண்ணிப் பார்ப்பின், பதினாறாம் நூற்றாண்டிலும் இவ்வாறே இருந்தது. பட்டமளிப்பும் பிரசங்கமும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்த பழைய முறைமைக்கே அவ்விடம் வேறு வழியாற் சுற்றி வந்துசேர்ந்தது.

இவ்வரலாற்றினின்று நாம் அறியத்தக்கது யாது? கல்வி நிறுவனமொன்று சமயச் சார்பற்றிருத்தல் குற்றமன்று. பல சமயத்தார் கூடிக் கற்குமிடத்தில் அஃது இன்றியமையாததும் ஆகும். ஆனால், தன் பிறப்பையும் வளர்ப்பையும் மறைத்தாலன்றிச் சார்பின்மை கைகூடாது என்று ஒரு நிறுவனம் எண்ணுமாயின், அஃது ஆபத்து. லைப்சிக் பல்கலைக்கழக மூதவை 1968இல் உடன்பட்டது ஆலயம் ஒன்றை இடிப்பதற்கு மட்டுமன்று. நூலகத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே பெற்றுத்தந்த போர்னர் முதலாகத் தன் முன்னோர் அனைவரின் பெயர்களும் எழுதப்பட்டிருந்த சுவரை இடிப்பதற்கும் உடன்பட்டது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைச் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். கட்டளை இடுவோர் எக்காலத்தும் உளர். கட்டளைக்குத் தலையசைப்பது கற்றோர் சபையாயிருப்பின், அத்தலையசைப்புக்கு அரசின் கட்டளையினும் பெரிய மதிப்பு மக்களிடம் உண்டாகிவிடுகின்றது.

அவ்வாறே, எல்லையும் நிலையான மக்களும் அற்ற ஒரு சபை, அயலார் ஆலயத்தில் நாற்பத்தொன்பது ஆண்டு தன் பெயரை விடாது காத்த பொறுமையும் எண்ணத்தக்கது. 1968இல் இறுதி ஆராதனையில் நின்ற மாணவருட் பலர் 2017இல் முதியோராயிருந்தனர். பலர் உயிரோடு இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளிற் சபையைத் தாங்கியோர் பழைய ஆலயத்தை ஒருநாளும் கண்டறியாத மாணவர். தாம் காணாத ஒன்றை, தமக்கு முன் இருந்தோர் கண்டனர் என்பதற்காகவே அவர்கள் தம் பின்வருவோருக்குச் சொல்லிவந்தனர். கற்பித்தல் என்று நாம் கூறும் தொழிலும் பெரும்பாலும் இதுவே.